வண்டியும் பொறுப்பும்

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



செயலாளர் அவர்கள் என் இல்லம் தேடி வந்து அழைத்தபோது, கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டார். அதைப் பற்றிப் பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். நேற்றே பேசியும் விட்டனர். எனவே வேறொரு பொருளைப் பேச அனுமதி கேட்டேன். சாலையில் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சற்றே தயங்கி, “ஐயா, அது போக்குவரத்துக் காவலர் பேச வேண்டிய பொருள் அல்லவா?” என்றார். அல்ல என்று அன்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் அல்ல என்பதை இன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் தந்தையார் ஒரு பழைய மிதிவண்டி வைத்திருந்தார். எங்கள் சேரியிலிருந்து கடைவீதிக்குச் செல்ல வேண்டுமாயின் ஊர்த்தெரு ஒன்றைக் கடந்தாக வேண்டும். தெருமுனை வந்ததும் அவர் வண்டியை விட்டு இறங்குவார். செருப்பைக் கழற்றிப் பின்னிருக்கைக் கம்பியில் செருகுவார். தெருவின் மறுகோடி வரையில் வண்டியை உருட்டிக்கொண்டே நடப்பார். அப்பால் மீண்டும் ஏறி மிதிப்பார். பின்னால் அமர்ந்து செல்லும் நானும் இறங்கி நடப்பேன். முதன்முறை அவ்வாறு இறங்கியபோது, “காற்று இறங்கிவிட்டதா அப்பா?” என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. சக்கரத்தில் காற்று இருந்தது. காரணம் வேறென்று அறிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின.

இன்று அதே தெருவில் என் மாணவர்கள் நூற்றைம்பது சி.சி. வண்டியில் உறுமிக்கொண்டு போகிறார்கள். அந்த ஓசையைக் கேட்கும்போது, தலைமையாசிரியன் என்னும் முறையில் எனக்குச் சினம் வருகிறது. என் தந்தையாரின் மகன் என்னும் முறையில் மனத்தின் ஒரு மூலை மகிழ்கிறது. இதை மறைப்பதில் பயனில்லை. நமக்கு வண்டி என்பது வெறும் இரும்பன்று. இறங்கி நடந்தவர்களின் பேரன்மார் ஏறி அமர்ந்திருக்கும் இருக்கை அது. ஆகையால்தான் இதைக் காவலர் மட்டும் பேசினால் போதாது, நாமும் பேசியாக வேண்டும் என்கிறேன்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் வண்டிகள் இருமுறை குறுக்கிட்டன. இரண்டையும் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் சிறு நூலில் அவரே எழுதி வைத்திருக்கிறார். முதலாவது 1901-இல் நடந்தது. சிறுவன் பீமராவ், உடன்பிறந்தவரோடும் உறவினப் பிள்ளைகளோடும் வேறோர் ஊரில் பணியாற்றிய தந்தையாரைக் காணப் புறப்பட்டு, மசூர் என்னும் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கினார். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. பிள்ளைகள் எந்தச் சாதியினர் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. இறுதியில் ஒருவர் இணங்கினார். ஆனால் இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும், பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொள்ள வேண்டும், தாம் வண்டியோடு நடந்து வருவார் என்பது ஏற்பாடு. பணத்தைப் பெற்றுக்கொள்வதில் தீட்டில்லை. உடன் அமர்வதில்தான் தீட்டு!

இரண்டாவது நிகழ்ச்சியைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1929-ஆம் ஆண்டு. அண்ணல் அப்போது வெளிநாடுகளில் பயின்று பட்டங்கள் பெற்றுத் திரும்பிய பாரிஸ்டர். தீண்டப்படாத மக்களின் குறைகளை ஆராயப் பம்பாய் அரசு அமைத்த குழுவில் உறுப்பினர். அப்பணியின் பொருட்டுச் சென்றவர், அன்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்கிச் சாளிஸ்காவ் என்னும் ஊரில் ஓர் இரவு தங்க இசைந்தார். நிலையத்தில் வந்து இறங்கியவரை நெடுநேரம் காக்க வைத்தனர். பின்னரே ஒரு குதிரைவண்டி வந்தது. அண்ணல் ஏறிக்கொண்டார். வரவேற்க வந்தோர் குறுக்கு வழியாக நடந்து சென்றனர். வண்டி இருநூறு அடி வைப்பதற்குள் ஒரு மோட்டார் காரின்மீது மோதப் பார்த்தது. காவலர் ஒருவர் உரக்கக் கத்தியதால் தப்பினர். நாள்தோறும் வாடகைக்கு ஓட்டுகிறவர் இவ்வளவு பழக்கமற்றவராக இருக்கிறாரே என்று அண்ணல் வியந்திருக்கிறார். பிறகு ஆற்றின்மேல் ஒரு பாலம் வந்தது. கைப்பிடிச் சுவர் கிடையாது. ஓரத்தில் இடைவெளி விட்டு நட்ட கற்கள் மட்டுமே. குதிரை மிரண்டு பாய, வண்டிச் சக்கரம் ஓரக்கல்லில் மோதிற்று.  அண்ணல் கல் பாவிய தரையில் தூக்கி எறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் வீழ்ந்தன. அவருடைய கால் எலும்பு முறிந்தது. வேறு காயங்களும் பட்டன. ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் அழுது அரற்ற, அவரை மகர்வாடாவுக்குத் தூக்கிச் சென்றனர்.

பின்னரே உண்மை வெளிவந்தது. தீண்டப்படாதவர் ஒருவரை ஏற்றிச் செல்லக் குதிரைவண்டிக்காரர் எவரும் இசையவில்லை. தங்கள் தலைவர் சேரிக்கு நடந்து வருவதை அந்த மக்களின் மானம் பொறுக்கவில்லை. ஆகவே, வண்டியை வாடகைக்குத் தருவது, ஆனால் வண்டிக்காரர் ஓட்டுவதில்லை என்று ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஓட்டத் தெரிந்தவர் நம்மவரில் எவரும் இல்லை. ஒருவர், இதில் என்ன இருக்கிறது என்று எண்ணிக் கடிவாளத்தைப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகே தாம் யாரை ஏற்றிச் செல்கிறோம் என்னும் எண்ணம் அவரைத் தாக்கியது, நடுங்கிப் போனார், வண்டி அவர் கையை மீறிற்று.

பாரிஸ்டரே ஆனாலும் ஒரு குதிரைவண்டிக்காரர் அவரைத் தமக்குத் தாழ்ந்தவராகவே கருதினார் என்பதை அண்ணல் அந்நூலில் கசப்போடு பதிவு செய்கிறார். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. தம் மக்களையும் ஒரு சொல் கேட்கிறார். பயணம் செய்பவரின் மானத்தைக் காக்க முனைந்த அவர்கள், அவருடைய உயிரின் பாதுகாப்பு அதனினும் முதன்மையானது என்பதை மறந்துவிட்டனர் என்பது அவர் கருத்து. அன்று அந்தப் பாலத்தில் அவர் தலை கல்லில் மோதியிருந்தால் நம் நிலை என்ன ஆகியிருக்கும்? 1929-இல் பூனா ஒப்பந்தம் நிகழவில்லை. அரசியலமைப்புச் சட்டம் எழுதப்படவில்லை. இட ஒதுக்கீட்டில் வேலை பெற்ற நானும் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன்.

இப்போது நான் சொல்லப் போவது சிலருக்கு வருத்தம் தரலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று நம் இளைஞர்கள் அண்ணலின் படத்தை வண்டியின் முகப்பில் கட்டிக்கொண்டு ஊர்வலம் வருகிறார்கள். ஒரு வண்டியில் மூவர். புகைக்குழாயின் ஓசை அடக்கியைக் கழற்றி விடுகிறார்கள். ஒருவர் தலையிலும் கவசம் இல்லை. சிலர் குடித்தும் இருக்கிறார்கள். நான் நேரிற் கண்டே சொல்லுகிறேன். ஊர்த்தெருவில் நம் வண்டி ஓட வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் மாறுபாடு இல்லை. ஓடட்டும், பகலில் ஓடட்டும், நடுத்தெருவில் ஓடட்டும். ஆனால் சாளிஸ்காவ் அன்பர்கள் அறியாமல் செய்த பிழையை, அவர் எழுதி வைத்த பிறகும், அவர் பிறந்த நாளிலேயே, அவர் படத்தையே கட்டிக்கொண்டு நாம் செய்வதா?

‘காவலர்கள் நம் பிள்ளைகளைத்தான் நிறுத்துகிறார்கள், மற்றவரை விட்டுவிடுகிறார்கள்’ என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அது முற்றிலும் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். என்னையே, இந்த நரைத்த தலையோடு, எங்கிருந்து வருகிறாய் என்று ஒருமையில் கேட்டவர் உண்டு. காலனியின் பெயரைச் சொன்னதும் குரல் மாறியதையும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் சொல்லுகிறேன்: மற்றவரிடம் ஒரு தாள் இல்லாவிட்டால் அது மறதி, நம்மிடம் இல்லாவிட்டால் அது குற்றம். எனவே உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு மூன்றும் மற்றெவரையும்விட நம்மிடம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

சில எண்களைச் சொல்லி விடுகிறேன். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். நாடு முழுதும் இறந்தவர்களில் ஏறத்தாழ 50,000 பேர் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வண்டியில் ஓட்டியோ பின்னால் அமர்ந்தோ சென்றவர்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தலைக்கவசம் உயிரிழப்பை நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காயத்தை 69 பங்கும் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். கவசத்தின் உள்ளே இருக்கும் வெண்ணிறத் தெர்மாக்கோல் போன்ற அடுக்குத்தான் உயிரைக் காப்பது. மோதும்போது அது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் சாலையோரத்தில் விற்பதை வாங்கலாகாது. தாடைப்பட்டையை மாட்டாமல் அணிந்தால், விழும்போது முதலில் கழன்று ஓடுவது கவசமாகத்தான் இருக்கும். முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல! முழங்கை முறிந்தால் கட்டுப் போடலாம்.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஓர் ஆடு வருவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் தடையை மிதிக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் நம் பள்ளியின் மூன்று வகுப்பறைகளின் நீளத்தை வண்டி கடந்துவிடும். அதற்குப் பிறகுதான் தடை பிடிக்கவே தொடங்கும். வேகம் இரு மடங்கானால், தடை பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு நொடி எத்தனை நொடி ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அக்குடும்பத்தார் இங்கேயும் இருக்கக் கூடும். என் பழைய மாணவன் ஒருவன், வயது பத்தொன்பது. தங்கையின் காதணி விழாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கி வரத் தாய்மாமன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நல்ல பிள்ளை, குடிக்கவில்லை. ஆனால் உரிமம் இல்லை. வளைவில் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு முதியவர்மேல் மோதிவிட்டான். அடிபட்டவரும் நம்மவரே, பக்கத்துக் காலனிக்காரர், செங்கல் சூளையில் வேலை செய்து பிழைத்தவர். மருத்துவமனையில் ஒன்பதாம் நாள் இறந்து போனார். வண்டியின் காப்பீடு இரண்டு மாதத்திற்கு முன்னரே முடிந்து போயிருந்தது. ‘பிறகு கட்டிக்கொள்ளலாம்’ என்று மாமன் இருந்துவிட்டார். முதியவரின் மனைவி தீர்ப்பாயத்தில் முறையிட்டார். அதில் என்ன தவறு? அவருக்கு வேறு வழி ஏது? இழப்பீட்டை வட்டியோடு வண்டியின் உரிமையாளரும் ஓட்டியவனும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மாமனுக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருந்தது. அவருடைய தந்தை கல்லுடைத்துச் சேர்த்த காசில் வாங்கியது. எங்கள் காலனியிலேயே முதன்முதலில் நம்மவர் பெயருக்குப் பட்டா ஆன நிலம். அதை விற்றார்கள். வாங்கியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலத்தை முன்னொரு காலத்தில் விற்ற குடும்பத்தாரே திரும்ப வாங்கிக்கொண்டனர்.

பிறர்க்கு நேரும் கேட்டுக்கான காப்பீட்டை மட்டுமாவது எடுத்திருந்தால், அந்த வண்டிக்கு ஆண்டுக்கு ஓராயிரம் ரூபாய்கூட ஆகியிராது. காப்பீடு மட்டும் இருந்து உரிமம் இல்லாதிருந்தாலும் முழுத் தப்பு இல்லை. நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு. ஆகவே இரண்டும் வேண்டும். தாய்மார்களே, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் உண்ணாமல் அடம் பிடிக்கிறான் என்று காதில் கிடப்பதை அடகு வைத்து வண்டி வாங்கித் தருகிறீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமமும் கிடைக்காது.

நம் மக்களுக்கே பெரிதும் நேரும் மற்றொரு துன்பம் சரக்கு வண்டிப் பயணம். நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்பு வெட்டவும், திருமணத்திற்கும் இழவுக்கும் ‘குட்டியானை’ வண்டியில் முப்பது பேரை நிற்க வைத்து ஏற்றுகிறார்கள். வளைவில் கவிழ்ந்தது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். பெயர்களைப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள். பேருந்து இல்லாத ஊருக்கு வேறெப்படிப் போவது என்று கேட்டால் என்னிடம் எளிய விடை இல்லை. ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். சரக்கு வண்டியில் வெறும் பயணியாக ஏறியவர்க்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்பதே பொதுவான சட்ட நிலை. வேலைக்கு அழைக்கும் மேஸ்திரியிடம் கூலியைப் பேசும்போதே வண்டியையும் பேசுங்கள். முப்பது பேரும் சேர்ந்து நின்று, ஆட்களை ஏற்றும் வண்டி கொண்டுவா என்றால் அவர் கொண்டுவந்துதான் ஆக வேண்டும், நாற்று காத்திருக்காது.

இங்கே ஓட்டுநர் தொழிலிலேயே இருக்கும் தம்பிமார் பலர் உளர். லாரியும் டிராக்டரும் வேனும் ஓட்டி வீட்டைக் காப்பாற்றுகிறீர்கள். உங்களுக்கு ஓட்டக் கற்றுத்தர நான் யார்? எனக்குத் தெரிந்தது ஸ்கூட்டர் மட்டுமே. ஆனால் உங்களுக்காக 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி, ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் அரை மணியாவது ஓய்வு என்பது 2025 வரை அதன் பொது விதியாக இருந்தது. ஐவரோ அதற்கு மேற்பட்டோ தொழிலாளரை வைத்திருந்த போக்குவரத்து நிறுவனங்களுக்கே அது செல்லுபடியானது என்பதால் ஒற்றை வண்டி முதலாளிகள் சட்டை செய்ததில்லை. விடியற்காலைக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி கைப்பேசியில் விரட்டும்போது, உறக்கம் கண்ணைச் சுழற்றினால் வண்டியை ஓரங்கட்டி விடுங்கள். தாமதத்திற்கு அவர் திட்டுவார். விபத்து நேர்ந்தால் அவர் பெயர் எங்கும் வராது. நீதிமன்றத்தில் நிற்பவர் நீங்கள்.

விபத்தைக் கண்டால் நாம் ஒதுங்கிப் போகிறோம். காவல் நிலையத்துக்கு அலைய வேண்டுமே என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்திற்கு இப்போது இடமில்லை. உதவி செய்தவரைத் தடுத்து வைக்கவோ, பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தவோ கூடாது என்னும் நெறிமுறைகளை 2016 மார்ச் மாதத்தில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சட்டமாகவே ஆக்கியது. 108-ஐ அழையுங்கள். முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் அதில் அடங்கும். மோதிய வண்டி தப்பியோடி, எதுவென்றே தெரியாவிட்டாலும் குடும்பம் கைவிடப்பட்டதன்று. 2022 ஏப்ரல் முதல் அத்தகைய உயிரிழப்புக்கு இரண்டு இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடாக விதிக்கப்பட்டிருக்கின்றன. வருவாய்த் துறை அலுவலர்வழி விண்ணப்பிக்க வேண்டும். இதை அறியாமல் விட்ட குடும்பங்களை எங்கள் காலனியிலேயே கண்டிருக்கிறேன். எழுதத் தெரிந்த ஒருவர் துணைக்கு நின்றால் போதும். அந்த ஒருவராக இருக்கத்தானே இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் உங்களைப் படிக்க வைத்தது?

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு விண்ணப்பத்தோடு அமர்ந்துவிடுகிறேன். நம் சங்கத்தின் மாலைநேர வகுப்புக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியே கிடக்கிறது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு தொடங்கிக் காலை பத்து மணிக்கு அங்கே நான் வந்திருப்பேன். உரிமம் இல்லாதோர், பதினெட்டு நிரம்பியோர், ஆண் பெண் இருபாலரும் வயதுச் சான்றோடும் முகவரிச் சான்றோடும் வாருங்கள். பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறேன். சாலைக் குறியீடுகளைக் கரும்பலகையில் வரைந்து சொல்லித் தருகிறேன். பழகுநர் உரிமம் கிடைத்து முப்பது நாள் கழித்து ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். அதுவரையில் வண்டியைப் பழக்க, ஓட்டுநர் தம்பிமார் இருவர் முன்வந்திருக்கிறார்கள். இடைத்தரகர் எவருக்கும் ஒரு காசும் தர வேண்டாம். இயன்றால் வரும்போது நடந்தோ பேருந்திலோ வாருங்கள்.